ஆர்டர் வந்தது, வசூல் வந்ததா? டெலிகாம் கருவிக் கம்பெனிப் பங்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி பக்கம் ஷேரில் கொஞ்சம் பணம் போட்டிருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால், மழையைப் பற்றிப் பேசி முடித்ததும் தேஜஸ் நெட்வொர்க்ஸ் வந்துவிடுகிறது. டவரில் ஏற்றும் ரேடியோ பெட்டிகளையும், ஃபைபர் கேபிளின் முனைகளில் வைக்கும் கருவிகளையும் செய்யும் பெங்களூரு கம்பெனி. 2021 முதல் டாடா குழுமத்தின் கையில் இருக்கிறது. ஓய்வு பெற்ற வாத்தியார், உரக்கடைக்காரர், வங்கியில் வேலை பார்ப்பவர் என்று பலரிடமும் இந்தப் பங்கு இருக்கிறது. விற்பனைக் கணக்கை நம்பலாமா, இனி என்ன ஆகும் என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதற்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது.

நான் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் இல்லை. வாங்கு, விற்றுவிடு என்ற பேச்சு இதில் எங்கும் வராது. கணக்கை எப்படிப் படிப்பது என்பது மட்டும்தான். கையில் இருப்பது 2025 செப்டம்பர் காலாண்டு வரையிலான கணக்கு.

முதலில், சண்டை எதைப் பற்றி?

எண்களைப் பார்த்தாலே புரிந்துவிடும். 2022-23இல் விற்பனை 922 கோடி ரூபாய். 2023-24இல் 2,471 கோடி. 2024-25இல் 8,923 கோடி, நிகர லாபம் 446 கோடி. இதைப் பார்த்துத்தான் பலர் உள்ளே வந்தார்கள்.

அடுத்து, 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் விற்பனை 202 கோடி, நஷ்டம் 194 கோடி. ஜூலை முதல் செப்டம்பர் வரை விற்பனை 262 கோடி, நஷ்டம் 307 கோடி. முந்தைய ஆண்டு இதே செப்டம்பர் காலாண்டில் விற்பனை 2,811 கோடியாக இருந்தது. பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

ஒரு கட்சி, "ஆர்டர் தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான், திரும்ப வரும்" என்கிறது. எதிர்க்கட்சி, "அந்த 8,923 கோடியே ஊதிக் காட்டியது" என்கிறது. இரண்டுமே அவசரப் பேச்சு என்பது என் அபிப்பிராயம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அந்த 8,923 கோடி உண்மையான விற்பனைதானா?

உண்மையான விற்பனைதான். யார் வாங்கினார்கள், என்ன வாங்கினார்கள், பெட்டி எங்கே போனது என்பதெல்லாம் ஊரறிந்த விஷயம். பிஎஸ்என்எல் நாடு முழுவதும் 4ஜி போட முடிவெடுத்தது. டாடாவின் மென்பொருள் கம்பெனியான டிசிஎஸ் தலைமையிலான கூட்டணிக்கு 2023 மே மாதம் 15,000 கோடிக்கு மேல் மதிப்புள்ள முன் ஆர்டர் கிடைத்தது. அதில் ரேடியோ கருவிகளைத் தருவது தேஜஸின் பங்கு. 2023 ஆகஸ்டில் டிசிஎஸ்ஸிடமிருந்து 7,492 கோடி ரூபாய்க்கு ஆர்டர் வந்தது, 1 லட்சம் இடங்களுக்கு. நெட்வொர்க்கின் மூளையான கோர் பகுதியைச் செய்தது அரசின் டெலிகாம் ஆராய்ச்சி மையமான சி-டாட். அந்தக் கருவிகளில் பெரும்பகுதி 2024-25இல் அனுப்பப்பட்டது. 2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவின் ஜார்சுகுடாவிலிருந்து பிரதமர் தொடங்கி வைத்த 97,500க்கும் மேற்பட்ட டவர்கள் இந்தத் திட்டத்தில் வந்தவைதான்.

ஆகவே எண்ணில் பொய் இல்லை. அந்த எண்ணை ஒவ்வொரு வருஷமும் வரும் வருமானம் என்று நாம் எடுத்துக்கொண்டதுதான் கோளாறு. ஒரே வாடிக்கையாளர், ஒரே திட்டம், ஒரே தடவை.

இது முன்கூட்டியே தெரிந்திருக்குமா? தெரிந்திருக்கும். 2024 மார்ச் முடிவில் கம்பெனியின் கையில் இருந்த ஆர்டர் 8,200 கோடிக்கு மேல். 2025 மார்ச் முடிவில் அது ஏறத்தாழ 1,000 கோடி. விற்பனை உச்சிக்குப் போன அதே வருஷத்தில் ஆர்டர் கையிருப்பு அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. ஆண்டு முழுவதுக்குமான 8,923 கோடியைத் தலைப்பில் பார்த்தவர்கள், அதே அறிவிப்பில் கீழே இருந்த அந்த வரியைப் படிக்கவில்லை. மார்ச் காலாண்டிலேயே 72 கோடி நஷ்டம் வந்திருந்தது. அதையும் ஆண்டுக் கணக்கின் பெரிய எண் மறைத்துவிட்டது.

ஆர்டர் வந்தாலே விற்பனைதானே? ஏன் இவ்வளவு குழப்பம்?

இந்தத் தொழிலில் நாலு தேதி உண்டு. ஆர்டர் கிடைத்த தேதி, சரக்கு கிளம்பிய தேதி, கணக்கில் விற்பனை என்று எழுதிய தேதி, பணம் வந்த தேதி. மளிகைக் கடையில் நாலும் ஒரே நிமிஷத்தில் முடிந்துவிடும். டெலிகாம் கருவியில் முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவே இரண்டு வருஷம்கூட ஓடிவிடலாம். சண்டை எல்லாமே இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. ஒருவர் ஆர்டர் தேதியைப் பேசுவார், இன்னொருவர் வசூல் தேதியைப் பேசுவார். இருவரும் சொல்வது "சேல்ஸ்" என்ற ஒரே சொல்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை வைத்துச் சொல்லிவிடலாம். நெல்லைக் கொண்டுபோய் களத்தில் குவித்தாயிற்று, டோக்கனும் வாங்கியாயிற்று. விற்றாகிவிட்டதா? ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் திருப்பிக் காய வைக்கச் சொல்வார்கள். 40 கிலோ மூட்டையாகப் பிடித்து எடை போட்டு ரசீது கொடுத்தால்தான் நெல் நம்முடையது இல்லை என்றாகும். பணம் வங்கியில் ஏறுவது அதற்கும் பிறகு. டோக்கன் வாங்கின அன்றைக்கே "வித்தாச்சு" என்று வீட்டில் சொல்பவரும் உண்டு, எஸ்எம்எஸ் வந்த பிறகே வாயைத் திறப்பவரும் உண்டு.

கம்பெனிகளுக்கு இதில் இஷ்டப்படி நடக்க முடியாது. 2018 ஏப்ரல் முதல் இந்தியாவில் நடைமுறையில் இருக்கும் இண்ட் ஏஎஸ் 115 என்ற கணக்கு விதி, பொருளின் கட்டுப்பாடு வாங்குபவர் கைக்குப் போன பிறகே அதை விற்பனையாக எழுத வேண்டும் என்கிறது. ஆனால் கட்டுப்பாடு எப்போது மாறியது என்பது ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பொறுத்தது. கிடங்கில் இறக்கியதுமா, டவரில் ஏற்றி ஓட்டிக் காட்டிய பிறகா? ஒரே ஒப்பந்தத்தில் பெட்டி, மென்பொருள், பொருத்தும் வேலை, பராமரிப்பு எல்லாம் சேர்ந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் விலையைப் பிரித்து, அததற்குரிய நேரத்தில் எழுத வேண்டும். இங்கே நிர்வாகத்தின் கணிப்புக்கு இடம் இருக்கிறது. கணிப்புக்கு இடம் இருக்கும் இடத்தில்தான் முதலீட்டாளர் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர் பிஎஸ்என்எல் டவரில் புதுப் பெட்டி ஏற்றியிருக்கிறார்கள். அப்படியானால் இந்தக் காலாண்டு ரிசல்ட் நன்றாக இருக்கும்தானே?

வேதாரண்யம் பக்கத்திலிருந்து வந்த கேள்வி இது. கண்ணால் பார்த்து முடிவு எடுக்க நினைப்பது நல்ல பழக்கம். ஆனால் அந்தப் பெட்டி சொல்லும் கதை வேறு.

நீண்ட பலகை மாதிரி இருக்கும் ஆன்டெனாவுக்குப் பின்னால், சூடு தணிய வரிவரியாகப் பள்ளம் வைத்த உலோகப் பெட்டி ஒன்று இருக்கும். அதுதான் ரேடியோ. அங்கிருந்து கருப்பு ஃபைபரும் கரண்ட் ஒயரும் டவர் காலோடு சேர்த்துக் கட்டப்பட்டு, கீழே பேட்டரி இருக்கும் அலமாரிக்கு இறங்கும். அந்தப் பெட்டி உங்கள் கண்ணில் படுவதற்கு எத்தனையோ மாதம் முன்பே ஆலையிலிருந்து கிளம்பி, கிடங்கில் இறங்கியிருக்கும். பெட்டிக்கான விற்பனை அப்போதே எழுதப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். டவரில் ஏறுவது, ஓட்டிக் காட்டுவது, பிஎஸ்என்எல் ஆட்கள் வந்து சோதித்துக் கையெழுத்துப் போடுவது எல்லாம் அடுத்த கட்டம். புதுப் பெட்டியைப் பார்த்தால் பழைய விற்பனைக்கு வசூல் நெருங்குகிறது என்று வேண்டுமானால் நினைக்கலாம். புது விற்பனை என்று நினைக்கக் கூடாது. எல்லா ஊரிலும் பெட்டி ஏறி முடிந்துவிட்டது என்றால், அடுத்த ஆர்டர் எங்கே என்றுதான் கேட்க வேண்டும்.

முன் ஆர்டர் என்று செய்தியில் வருகிறதே, அது ஆர்டர் இல்லையா?

பாதி ஆர்டர். அட்வான்ஸ் பர்ச்சேஸ் ஆர்டர் என்பது "உங்களிடம்தான் வாங்கப் போகிறோம், விலையும் அளவும் இதுதான்" என்ற எழுத்து. இறுதி ஆர்டர் தனியாக வர வேண்டும். 2025 மே மாதம் பிஎஸ்என்எல் இன்னும் 18,685 இடங்களுக்கு டிசிஎஸ்ஸுக்கு 2,903 கோடி ரூபாய் மதிப்பில் இப்படி ஒரு முன் ஆர்டர் கொடுத்தது. அதில் தேஜஸின் பங்கு சுமார் 1,526 கோடி. அந்தச் செய்தியைப் பார்த்து வாங்கியவர்கள் ஜூன் காலாண்டிலேயே பலன் தெரியும் என்று காத்திருந்தார்கள். அடுத்த இரண்டு காலாண்டையும் சேர்த்தே கம்பெனியின் மொத்த விற்பனை 464 கோடிதான்.

சேதி பொய் இல்லை. ஆர்டர் தேதியைச் சொன்ன சேதியை விற்பனைத் தேதியாகப் படித்ததுதான் ஏமாற்றத்துக்குக் காரணம்.

கணக்கில் எந்த வரியைப் பார்த்தால் விவரம் தெரியும்?

லாப நஷ்டக் கணக்கை மூடிவிட்டு இருப்புநிலைக் குறிப்பை (பேலன்ஸ் ஷீட்) திறங்கள்.

முதலில் வர வேண்டிய பாக்கி. விற்பனை 50 சதவீதம் ஏறி, பாக்கி இரண்டு மடங்கு ஏறியிருந்தால் சரக்கு போகிறது, பணம் வரவில்லை. அரசுத் துறை வாடிக்கையாளர் என்றால் தாமதம் சகஜம். பாக்கி முழுகிவிடும் என்ற பயம் குறைவு. ஆனால் அந்தத் தாமதத்தைக் கடன் வாங்கித்தான் சமாளிக்க வேண்டும், அதற்கு வட்டி உண்டு. கருவிக் கம்பெனியின் வட்டிச் செலவு ஏறிக்கொண்டே போனால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது, விற்பனையாக எழுதியும் இன்னும் பில் போடாத தொகை. ஒப்பந்தச் சொத்து என்று வரும். ஏதோ ஒரு கட்டம் முடிந்தால்தான் பில் போட முடியும் என்ற நிலையில் நிற்கும் பணம் இது. பாக்கியை மட்டும் பார்த்து இதை விட்டுவிட்டால் கணக்கு தப்பிவிடும். இரண்டையும் கூட்டி, ஒரு நாள் விற்பனையால் வகுத்தால் எத்தனை நாள் விற்பனை வெளியே மாட்டியிருக்கிறது என்று தெரியும். எண்ணைவிட அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் முக்கியம்.

மூன்றாவது கையிருப்புச் சரக்கு. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. சிப், சர்க்யூட் போர்டு எல்லாம் மாதக்கணக்கில் முன்னதாகச் சொல்லி வைத்து வாங்க வேண்டியவை. ஆர்டர் வரும் என்று நம்பி வாங்கிக் குவித்த பிறகு ஆர்டர் தள்ளிப் போனால், பாகங்கள் அலமாரியில் பழசாகும். பிறகு ஒரு காலாண்டில் மதிப்பைக் குறைத்து எழுத வேண்டி வரும். அன்று நஷ்டம் விற்பனையைவிடப் பெரிதாகத் தெரியும். செப்டம்பர் காலாண்டில் விற்பனை 262 கோடி, நஷ்டம் 307 கோடி என்று வந்ததும், "இது எப்படி சார் சாத்தியம்?" என்று கேட்டவர்கள் நிறையப் பேர். விற்றாலும் விற்காவிட்டாலும் இன்ஜினியர்களுக்குச் சம்பளம் போயாக வேண்டும், ஆராய்ச்சிச் செலவு ஓடும், வட்டி ஓடும், பழசாகும் சரக்குக்கு நஷ்டம் என்று ஒரு தொகையை ஒதுக்கி வைக்க வேண்டும். விற்பனை சுருங்கும்போது இவை கூடவே சுருங்குவதில்லை.

கடைசியாகப் பணப்புழக்கம். லாபம் 446 கோடி என்று தலைப்பில் இருந்தால், தொழில் நடவடிக்கையிலிருந்து வந்த ரொக்கம் எவ்வளவு என்று பாருங்கள். தேஜஸ் என்றில்லை, எந்தக் கருவிக் கம்பெனியானாலும் மூன்று நாலு வருஷக் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஒரு வருஷத்து ரொக்கத்தை வைத்து நல்லவன், கெட்டவன் என்று சொல்ல முடியாது.

இதில் ஒரு தடங்கல் உண்டு. இருப்புநிலையும் பணப்புழக்கமும் அரையாண்டுக்கு ஒருமுறைதான் கட்டாயம்: செப்டம்பர், மார்ச். ஜூன், டிசம்பர் காலாண்டு அறிவிப்பில் லாப நஷ்டம் மட்டும் இருந்தால் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. விதி அப்படி.

உலகத்தில் இப்படி விற்பனையை ஊதிக் காட்டிய டெலிகாம் கம்பெனி இருந்திருக்கிறதா?

இருந்திருக்கிறது, அதுவும் சின்னக் கம்பெனி இல்லை. அமெரிக்காவின் லூசென்ட் டெக்னாலஜீஸ், பெல் ஆய்வகத்தையே வைத்திருந்த கம்பெனி. 2000ஆம் ஆண்டு டிசம்பரில், தான் அறிவித்த ஒரு காலாண்டு விற்பனையிலிருந்து 679 மில்லியன் டாலரைத் தானே கழித்துக்கொண்டது. 2004 மே மாதம் அமெரிக்கச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம், 2000 நிதியாண்டில் சுமார் 1.15 பில்லியன் டாலர் விற்பனை முறைகேடாக எழுதப்பட்டது என்று வழக்குப் போட்டது. விசாரணைக்கு ஒத்துழைக்காததற்காக மட்டும் 25 மில்லியன் டாலர் அபராதம்.

செய்த விதத்தைத்தான் கவனிக்க வேண்டும். இல்லாத சரக்கை விற்றதாக எழுதவில்லை. காலாண்டு முடிவதற்குள் இடைத்தரகர் கிடங்குகளில் சரக்கைத் திணித்தார்கள். "பிறகு கழித்துக்கொள்ளலாம், திருப்பிக்கூடத் தரலாம்" என்று ஒப்பந்தத்துக்கு வெளியே வாக்குக் கொடுத்தார்கள். வெளியே வாக்கு இருந்தால் விற்பனை முழுமை ஆகாது. கணக்கில் மட்டும் முழுமையாகிவிட்டது.

இதோடு இன்னொன்றும் நடந்தது. வாங்குபவனுக்கே கடன் கொடுத்து வாங்க வைப்பது. வின்ஸ்டார் என்ற கம்பெனிக்கு லூசென்ட் 2 பில்லியன் டாலர் வரை கடன் தர ஒப்புக்கொண்டது. 2001 ஏப்ரலில் வின்ஸ்டார் திவால். அந்தக் காலத்தில் பல கருவிக் கம்பெனிகள் இதே வேலையைச் செய்தன. கனடாவின் நார்டெல் 2000ஆம் ஆண்டு உச்சத்தில் டொரொன்டோ சந்தைக் குறியீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தான் ஒன்றாகவே பிடித்திருந்தது. பிறகு கணக்கைப் பல முறை திருத்தி எழுதி, 2009 ஜனவரியில் திவால் மனு போட்டது.

தேஜஸில் இப்படி நடக்கிறது என்று நான் சொல்வதாக யாரும் படித்துவிட வேண்டாம். அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. எந்தக் கருவிக் கம்பெனிக்கும் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் இதிலிருந்து கிடைக்கின்றன: காலாண்டின் கடைசி வாரத்தில் எவ்வளவு சரக்கு போனது? வாங்கியவர் திருப்பித் தர உரிமை உண்டா? வாங்கப் பணம் யார் கொடுத்தது? வாங்குபவர் சரக்கை எடுக்காமலே விற்பனை எழுதும் முறை ஒன்றும் உண்டு. அதற்கு இண்ட் ஏஎஸ் 115 கடுமையான நிபந்தனை வைத்திருக்கிறது: வாங்குபவர் தனக்கு உண்மையான காரணம் இருந்து நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்க வேண்டும், அந்தச் சரக்கு அவருக்கென்று தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும், உடனே அனுப்பத் தயாராக இருக்க வேண்டும், வேறு ஆளுக்குத் திருப்பி விடக் கூடாது. ஆண்டறிக்கையில் இந்த முறை பற்றிய குறிப்பு வந்தால் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படியுங்கள்.

வாடிக்கையாளரே படுத்துவிட்டால்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அமெரிக்கா போக வேண்டியதில்லை. 1999இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல், 2018 பிப்ரவரியில் சிக்னல் இல்லாமல் போனது. எண்ணை மாற்றுவதற்குக் கடை கடையாக அலைந்தவர்கள் டெல்டாவில் எத்தனை பேர்! அந்த மாதக் கடைசியிலேயே கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போனது. நமக்கு சிம் போனது. கருவியும் சேவையும் கொடுத்தவர்களுக்கு பாக்கி போனது. திவால் சட்டத்தில் வங்கிகள் முன்வரிசை, பொருள் கொடுத்தவர்கள் பின்வரிசை.

கருவிக் கம்பெனியான எரிக்சனின் கதையும் அதேதான். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸிடம் 1,500 கோடிக்கு மேல் கேட்டு, 550 கோடிக்குச் சமாதானமாகி, அதுவும் வராமல் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 பிப்ரவரியில், நாலு வாரத்துக்குள் 453 கோடி கட்டாவிட்டால் மூன்று மாதம் சிறை என்று அனில் அம்பானிக்கு உத்தரவு வந்த பிறகே மார்ச்சில் பணம் வந்தது. உலகப் பெரிய கம்பெனிக்கே கோர்ட் படி ஏறித்தான் வசூல்.

டாடா கம்பெனியாயிற்றே, பயம் எதற்கு?

கம்பெனி காசில்லாமல் மூடிவிடுமோ என்ற பயத்துக்கு அது பதில். பங்கு விலைக்கு அது பதில் இல்லை. 2021இல் டாடா குழுமத்தின் தலைமைக் கம்பெனியான டாடா சன்ஸின் துணை நிறுவனமான பானடோன் ஃபின்வெஸ்ட் பங்குக்கு 258 ரூபாய் விலையில் புதுப் பங்குகளை வாங்கி உள்ளே வந்தது. 2024 ஜூனில் அதே பங்கு 1,400 ரூபாயைத் தாண்டியபோது வாங்கியவரும் டாடாவும் ஒரே படகில் இல்லை.

இன்னொன்று: தேஜஸ் பெட்டியை விற்றது டிசிஎஸ்ஸுக்கு, டிசிஎஸ் மூலமாக பிஎஸ்என்எல்லுக்கு. தேஜஸ், டிசிஎஸ் இரண்டும் டாடா சன்ஸின் கீழே இருப்பதால் இது தொடர்புடைய தரப்போடு நடந்த வியாபாரம். ஒளிக்கிற விஷயம் இல்லை. அதற்கென்றே தனிக் குறிப்பு ஆண்டறிக்கையில் இருக்கும். ஆனால் பாக்கியைப் பார்க்கும்போது டிசிஎஸ் எப்போது தரும் என்று மட்டும் யோசிக்காமல், பிஎஸ்என்எல் எப்போது தரும் என்றும் யோசிக்க வேண்டும்.

இனி வளர்ச்சி எங்கிருந்து வரும்?

ஆதரவுக் கட்சி சொல்வதில் சாரம் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை கிராமங்களுக்கு ஃபைபர் இணையம் கொண்டுபோகும் திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டத்துக்கு 1,39,579 கோடி ரூபாய் ஒப்புதல் கொடுத்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஃபைபர் முனைக் கருவிகளுக்கும் ரூட்டர்களுக்கும் போகும். உள்நாட்டில் செய்பவர்களுக்கு 12,195 கோடி ரூபாய் உற்பத்தி ஊக்கத் திட்டம் 2021இல் வந்தது. அதே ஆண்டு ஜூன் 15 முதல், நம்பகமான மூலம் என்று அரசு ஏற்றவர்களிடம்தான் ஆபரேட்டர்கள் புதுக் கருவி வாங்க முடியும். சீனக் கம்பெனிகளுக்கு அதனால் கதவு கிட்டத்தட்ட மூடிக்கொண்டது. பிஎஸ்என்எல் 4ஜியை 5ஜியாக உயர்த்தும்போது ஏற்கெனவே டவரில் இருக்கும் பெட்டிக்காரருக்கு அனுகூலம் உண்டு.

மறுபக்கம் பாருங்கள். இந்தியாவில் மொபைல் ஆபரேட்டர் நாலு பேர்தான்: ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா, பிஎஸ்என்எல். 2024 செப்டம்பரில் வோடஃபோன் ஐடியா சுமார் 30,000 கோடி ரூபாய்க்குக் கருவி ஒப்பந்தம் போட்டபோது அது நோக்கியா, எரிக்சன், சாம்சங் மூவருக்கும் போனது. தனியார் ஆபரேட்டர் ஒருவர் பெரிய அளவில் தேஜஸ் ரேடியோவை வாங்கினால் அன்றைக்குக் கதை மாறும். அதுவரை அரசு ஆர்டர் வந்தால் வெள்ளம், வராவிட்டால் வறட்சிதான். கம்பெனி நிர்வாகம் மோசம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் நோக்கியாவுக்கே ஜியோவும் ஏர்டெல்லும் 5ஜி போட்ட 2023இல் இந்திய விற்பனை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது, 2024இல் பாதியாக இறங்கியது. நோக்கியாவுக்கு உலகம் முழுக்க வாடிக்கையாளர் உண்டு, தாங்கிக்கொண்டது.

வெளிநாட்டு ஆர்டர்தான் இந்தக் கம்பெனிக்கு உண்மையான பரீட்சை என்று நான் நினைக்கிறேன். பிஎஸ்என்எல்லில் ஓடிக்காட்டிய கருவி என்ற சான்று கையில் இருக்கிறது. அதை வைத்து வேறு நாட்டில் எத்தனை கோடிக்கு இறுதி ஆர்டர் வந்தது என்பதைக் காலாண்டுக்குக் காலாண்டு குறித்து வையுங்கள். "பேச்சு நடக்கிறது", "சோதனை ஓட்டம் நன்றாகப் போகிறது" என்பதை எல்லாம் குறிக்க வேண்டாம்.

பிஇ விகிதம் குறைவாக இருக்கிறதே, மலிவுதானே?

பிஇ என்பது பங்கு விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்த எண். எந்த வருஷத்து லாபத்தை வைத்து? ஒரே ஆர்டரில் வந்த லாபத்தால் வகுத்தால் எந்தப் பங்கும் மலிவாகத் தெரியும். இந்த மாதிரித் தொழிலில் பிஇ மிகக் குறைவாகத் தெரியும் நேரம் பெரும்பாலும் உச்சத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஐந்தாறு வருஷச் சராசரி லாபத்தை எடுத்து வகுத்துப் பாருங்கள்.

விலை இறங்கிவிட்டது, குறுவை நெல் விற்ற பணம் கையில் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் வாங்கி, வாங்கிய சராசரி விலையைக் குறைக்க ஆவரேஜ் பண்ணலாமா?

தாளடிக்கு ஆள் கூலி, உரம், கூட்டுறவுச் சங்கக் கடன் எல்லாம் எந்தத் தேதியில் என்று உங்களுக்குத் தெரியும். பிஎஸ்என்எல் இறுதி ஆர்டர் எந்தத் தேதியில் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, கம்பெனிக்கே தெரியாது. தேதி தெரிந்த செலவுக்கான பணத்தைத் தேதி தெரியாத வரவில் போடாதீர்கள். அது இல்லாமல் மிச்சப் பணம் இருக்கிறது என்றால், முதல் தடவை எந்தக் காரணத்துக்காக வாங்கினீர்களோ அந்தக் காரணம் இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். விலை இறங்கியது மட்டுமே காரணம் ஆகாது.

"அடுத்த வாரம் பெரிய ஆர்டர், உள்ளே இருந்து வந்த தகவல்" என்று டெலிகிராமில் வருகிறது. நம்பலாமா?

பொய்யாக இருந்தால் பணம் போகும். உண்மையாக இருந்தால் அது உள்தகவல், அதை வைத்து வியாபாரம் செய்வது சட்டப்படி குற்றம். இரண்டில் எது வேண்டும்? பெரிய ஆர்டர் வந்தால் கம்பெனி உடனுக்குடன் பங்குச் சந்தைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். என்எஸ்இ, பிஎஸ்இ தளங்களில் காசில்லாமல் படிக்கலாம். பதிவு இல்லாமல் டிப்ஸ் விற்பவர் மேல் செபியிடம் புகார் கொடுக்கலாம்.

அடுத்த ரிசல்ட் வரும்போது எதை முதலில் திறக்க வேண்டும்?

காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் ரிசல்ட் வர வேண்டும், முழு ஆண்டுக் கணக்கென்றால் 60 நாள். பத்திரிகைக் குறிப்பு என்று ஒரு பிடிஎஃப், ரிசல்ட் என்று இன்னொரு பிடிஎஃப் இருக்கும். முதலாவதில் கம்பெனி நமக்குக் காட்ட நினைப்பது இருக்கும். அதைக் கடைசியில் படியுங்கள். இரண்டாவதில் எண்களுக்குக் கீழே பொடி எழுத்தில் வரும் குறிப்புகளில் தொடங்குங்கள். சரக்கு மதிப்புக் குறைப்பு, ஊக்கத்தொகை வருமானம், ஒரே வாடிக்கையாளரைச் சார்ந்திருப்பது எல்லாம் அங்கேதான் தலை காட்டும். காலாண்டுக் கணக்கை ஆடிட்டர் மேலோட்டமாகத்தான் பார்த்திருப்பார். முழுத் தணிக்கை ஆண்டுக் கணக்குக்குத்தான். ஆண்டறிக்கையில் ஆடிட்டர் "முக்கியத் தணிக்கை விஷயங்கள்" என்று எழுதும் பகுதியில் விற்பனையை எழுதும் முறை பற்றி என்ன சொல்லியிருக்கிறார் என்று பாருங்கள்.

பிறகு கான்கால், அதாவது நிர்வாகம் அனலிஸ்ட்டுகளின் கேள்விக்குப் பதில் சொல்லும் தொலைபேசிக் கூட்டம். பேச்சின் எழுத்து வடிவம் ஐந்து வேலை நாளுக்குள் சந்தைத் தளத்தில் வந்துவிடும். ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் வீட்டில் படிக்கும் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகத்தின் முன்னுரையைத் தாண்டி, கேள்வி நேரத்துக்கு நேராகப் போங்கள். டிசம்பர் காலாண்டில் இருப்புநிலை வராது என்று சொன்னேன் அல்லவா? அந்தத் தடவை பாக்கி எவ்வளவு, ரொக்கம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று யாராவது ஓர் அனலிஸ்ட் கட்டாயம் கேட்டிருப்பார். நேரடியாக எண் சொல்லியிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். "வசூல் நன்றாக முன்னேறி வருகிறது" என்று மட்டும் சொல்லியிருந்தால், அந்த வாசகத்தையும் தேதி போட்டுக் குறித்து வைத்து, மார்ச் கணக்கு வரும்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.